ஆடு தன்னையே விற்குமா

இரணியலில் செல்லபாய் டீச்சரிடம் டியூஷன் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் தோற்காது என்று ஒரு பெயர் உண்டு. ஆக்டிவ் வாய்ஸையும் பாசிவ் வாய்ஸையும் பிரித்தறிய இருபத்தாறு வருடமாக அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே குறுக்குவழிதான். வாக்கியத்தில் ‘பை’ (by) வந்தால் பாசிவ், வராவிட்டால் ஆக்டிவ். பரீட்சையிலும் அப்படியே கேட்டுத் தொலைத்ததால் வண்டி ஓடிவிட்டது.

போன வாரம் புதிய இலக்கணப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். ‘பை’யே இல்லாத ஏழெட்டு வாக்கியங்கள் பாசிவ் என்று அச்சாகியிருந்தன. டீச்சருக்கு ஒரு பழைய விடைத்தாள் ஞாபகம் வந்தது. இருபது வருடத்துக்கு முன்பு முத்துக்கனி என்ற மாணவி ‘த கோட் வாஸ் சோல்ட்’, அதாவது ‘ஆடு விற்கப்பட்டது’ என்ற வாக்கியத்தைப் பாசிவ் என்று எழுதியிருந்தாள். டீச்சர் தப்பு போட்டதும், “ஆடு தன்னத்தானே விக்குமா டீச்சர்? யாரோ வித்ததுதானே?” என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்காக அவளை முற்றத்து மணலில் முழங்காலில் நிற்க வைத்தார்.

இன்று அதே முத்துக்கனி, மகள் ஆதிராவைச் சேர்க்க வந்திருந்தாள்.

“இவ எதுக்கெடுத்தாலும் எதிர்கேள்வி கேப்பா டீச்சர். எனக்கும் அந்தச் சீக்கு இருந்துது. நீங்க அன்னைக்கு முட்டுக்குத்த வச்சதோட போச்சு. அதுக்குப் பொறவு ஒரு கிளாஸுலயும் நான் வாயத் தெறக்கல்ல. இவளையும் அப்படி ஆக்கித் தரணும்.”

“நீ எழுதுனதுதான் சரி மக்கா” என்று சொல்லத்தான் டீச்சர் வாயெடுத்தார். பதினைந்து பிள்ளைகள் நோட்டிலிருந்து தலைதூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நாளைக்கு அனுப்பு” என்றார், ஆதிராவின் முகத்தைப் பார்க்காமல்.