முதுகுக்குப் பின்னால் ஒரு கண்காணிப்பாளர்

மேரி ஷாலினிக்குப் படிப்பு வராமல் இல்லை. மஞ்சக்குப்பத்து வீட்டில் குழம்பு கொதிக்கும்போதே நடப்பு நிகழ்வுகளைக் கடகடவென்று ஒப்பிப்பாள். அவளுக்கு ஆகாதது தேர்வுக்கூடம்தான். போன தடவை குரூப் ஃபோர் எழுதும்போது கண்காணிப்பாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். அவ்வளவுதான், உள்ளங்கை வேர்த்துவிட்டது. தெரியாத ஒரு கேள்வியைத் தாண்டியவள், விடைத்தாளில் அதன் வரிசையிலேயே அடுத்த கேள்வியின் விடை வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஒரு வரிசை மேலே. கடைசியில்தான் தெரிந்தது. பேனா மையை எதைக்கொண்டு அழிப்பது? சரியாகப் படிக்கவில்லை போல என்றது தெரு.

இன்னும் நாலு கைடு வாங்கச் சொன்னார்கள் கூடப் படித்தவர்கள். ஷாலினிக்கு வேறு கணக்கு. பாடத்துக்குப் பழகிய அளவு பயத்துக்குப் பழகவில்லை என்று அவளாகவே கண்டுகொண்டாள். அந்தத் தெளிவு எத்தனை பேருக்கு வரும்? ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாதிரித் தேர்வு எழுத உட்காருவாள். திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டும் கணவன் சகாய ஆனந்த்தான் கண்காணிப்பாளர்.

"ஷூவ மாட்டிக்கினு வாங்க. செருப்பு சத்தத்துக்கெல்லாம் எனக்கு பயம் வராது."

"கல்யாணத்துக்கு வாங்குன ஷூ, உன் பரீட்சைக்கே தேஞ்சிடும் போல" என்று முனகிக்கொண்டே அவன் அவள் முதுகுக்குப் பின்னால் கைகட்டி டக் டக்கென்று நடப்பான்; சற்று நின்றுவிட்டுப் போவான். அவள் கேள்வி எண்ணை உதட்டுக்குள் சொல்லி, இடது கை விரலை அந்த வரிசையில் வைத்த பிறகே பேனாவை இறக்குவாள். தெரியாததை வினாத்தாளில் சுழித்துவிட்டுப் போவாள். அதோடு மல்லுக்கு நிற்க மாட்டாள்.

இந்த வருடம் சிதம்பரத்தில் ஒரு பள்ளி அவளுக்கு மையம். பாதித் தேர்வு நன்றாகவே போனது. அப்போது ஷூ சத்தம் வந்து அவளுக்குப் பின்னால் நின்றது. விரல் வரிசையில்தான் இருந்தது; பேனா நகரவில்லை. ஆனந்த் என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். இவர் போகிற வழியாக இல்லை. வீட்டில் ஒத்திகை பார்க்காத ஒன்றைச் செய்தாள் ஷாலினி. திரும்பிப் பார்த்தாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? நீங்க நின்னா எனக்கு கை ஓடல."

அவர் திடுக்கிட்டுப்போனார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, "உன்ன பாக்கலம்மா. இந்த ஃபேன் ஒண்ணுலதான் காத்து வருது, அதுக்கு நின்னேன்" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

ஷாலினிக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, எண்ணைச் சொல்லி வட்டத்தைக் கறுப்பாக்கினாள். சுழித்து வைத்தவற்றுக்கும் பொறுமையாகத் திரும்பி வந்தாள். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

கேட்டுக்கு வெளியே ஆனந்த் நின்றான். எப்படி எழுதினாய் என்று கேட்கத் தயங்கி, டீ சாப்பிடலாமா என்றான்.

"எல்லா விடையும் அதது நம்பர்லதான் இருக்குங்க" என்றாள். "தப்பு போயிருந்தா தெரியாம போனதுதான், பயந்து போனதில்ல. டீ வேணாம், சோறு வாங்கிக் குடுங்க."