சர்வருக்கு வைத்த பொட்டு

கதிரவன் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுதவன். நாரணாபுரத்துப் பிள்ளை. அப்பா அம்மா இருவருக்கும் பட்டாசு வேலை. இவன் மட்டும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சிவகாசி ஆபீசுக்கு வந்தான். நான் சுமைரா, பில் போடுகிறவள். ஆர்டர், சரக்கு, லாரி எல்லாம் சர்வர் என்கிற அந்த ஒற்றைப் பெட்டிக்குள்தான். அது படுத்தால் கம்பெனியே படுத்துவிடும்.

அந்த வருஷம் அவன் மனைவி ஓவியாவுக்குக் காரியாபட்டியில், தாய்வீட்டில், பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. தீபாவளி சீசன், ஞாயிறும் கிடையாது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டான். டிஸ்க் நிறைந்து பில் நின்றுவிட்டதென்று திரும்பக் கூப்பிட்டார்கள். இன்னொருமுறை இரண்டு பேர் ஒரே ஆர்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, இவருக்காக அவர், அவருக்காக இவர் என்று காத்திருந்ததில் அத்தனை கம்ப்யூட்டரும் விறைத்து நின்றன. அவன் இருந்துதான் அவிழ்த்துவிட்டான். புது டிஸ்க் கேட்டால் சீசன் முடியட்டும் என்பார் முதலாளி. லாரி லாரியாகப் பட்டாசு விற்கிற மனுசனுக்கு ஒரு டிஸ்க் வாங்கக் கை வரவில்லை.

டீ குடிக்கும்போதெல்லாம் அவனுக்குக் குழந்தைப் பேச்சுதான். பிறந்த அன்றைக்குக் கண்ணையே திறக்கவில்லையாம்; இப்போது ஆளைப் பார்க்கிறதாம். சொல்லிவிட்டுச் சும்மா சிரிப்பான்.

ஆயுத பூஜையன்று பேர் வைப்பதாக முடிவானது. அப்பாதான் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டுமென்று ஓவியா பிடிவாதம். காலையில் ஆபீஸ் பூஜைக்குத் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியது என்று பையோடு வந்திருந்தான்.

அதற்குள் ஃபோர்மேன் சங்கையா சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் ரூமுக்குள் போய், முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடுற மெஷினுக்குப் பொட்டு வைக்கலாமா தாயி? அதுக்கும் ஒருநா ஓய்வு வேணாமா?" என்றார். அவர் பக்தியில் கோளாறு சொல்ல முடியாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பிளக்கைச் சொருகினால் மெஷின் எழுந்தது, உள்ளே ஆர்டர்கள் திறக்கவில்லை. மெஷின் கணக்கை எழுதிக்கொண்டிருந்த பாதியில் கரண்ட் போனதில் ஃபைல் உடைந்துவிட்டதாம். தினமும் தானாக எடுத்துவைக்கிற நகலைப் போடலாமென்று போனான். டிஸ்கில் இடமில்லாமல் பல நாள் நகல்கள் வெறும் பேராக மட்டும் கிடந்தன. உள்ளே ஒன்றுமில்லை. கதிரவன் முகம் செத்துப்போயிற்று.

"நீ கிளம்புப்பா. லாரி ஒருநா நின்னா குடி முழுகிராது" என்றேன்.

"நான் எந்திரிச்சா மிச்சம் இருக்குறதும் போயிரும்க்கா."

உடைந்ததை அவன் ஒவ்வொன்றாக ஒட்டவைக்க, போனதை நாங்கள் காகிதத்தில் இருந்த பில் நகலைப் பார்த்துத் திரும்ப அடித்தோம். சங்கையா கொடுத்த சுண்டலை யாரும் தொடவில்லை.

நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஓவியா போன் செய்தாள். செல்லைக் குழந்தையின் காதில் வைத்துவிட்டதாகச் சொன்னாள் போலிருக்கிறது. கதிரவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "தேன்மொழி" என்றான். இன்னொருமுறையும் சொன்னான். நாங்கள் அடிப்பதை நிறுத்திவிட்டோம். தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவதையும் எப்படியோ சொல்லி முடித்தான்.

பிறகு மெதுவாக, "என் சத்தத்தக் கேட்டு என்ன செஞ்சா?" என்று கேட்டான்.

ஓவியாவின் குரல் எனக்கும் கேட்டது. "போனையே பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க அதுக்குள்ளதான் இருக்கீகன்னு நெனச்சிட்டா போல."

"ம்" என்றான் கதிரவன். அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.