மூத்தவளின் இடக்கை

முழங்கைவரை சோப்பு நுரை. நகக்கண்ணில் ஒளிந்திருக்கும் கிரீஸைப் பழைய டூத் பிரஷ் ஒன்று தேடிப் பிடித்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. ஒருமுறை கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்து, மனம் ஆறாமல் மறுபடியும் கழுவுகிறார் லிஃப்ட்காரர். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் மருத்துவர்கூட இவ்வளவு நேரம் குழாயடியில் நிற்கமாட்டார். துண்டில் ஒற்றிய கைகளை எதன்மேலும் பட்டுவிடாமல் முன்னால் நீட்டியபடியே கூடத்தைக் கடக்கிறார். வழியில் மனைவி தேநீரை நீட்டினாலும் வாங்குவதில்லை.

"ஆறிடப் போகுதுங்க."

"ஆறட்டும். அவங்கள ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

'அவங்க' என்று அவர் மரியாதையோடு சொல்வது, உள்ளறைக் கண்ணாடி அலமாரியில் நிற்கும் பொம்மைகளை. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்த உடல். பட்டுப்போல் வழவழப்பாகத் தேய்த்த முகம். கழுத்து, முழங்கை, மணிக்கட்டு என எங்கே மடக்கினாலும் மடங்கி நிற்கும் மூட்டுகள். உடலுக்குள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் தலையையும் கைகால்களையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. கடல் கடந்து எங்கோ இருக்கும் சிறிய கம்பெனி ஒன்று இவற்றைச் செய்கிறது. விலையைப் பற்றி அவரிடம் கேட்டால் தொண்டையைச் செருமுவார். அவர் மனைவியிடம் கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைக்கும் அந்த அம்மாள், பொம்மைகளை வீட்டுச் சாமான்களால் அளந்து வைத்திருக்கிறார்.

"அந்த நீலக் கண்ணு ஒரு வாஷிங் மெஷின். பக்கத்துல சுருட்டை முடி இருக்கே, அது பிரிட்ஜ், டபுள் டோர். மூத்தவ மட்டும் தனி. அவ ஏசி."

மூத்தவள் என்பது அவர் முதன்முதலில் வாங்கிய பொம்மை. பெற்ற மகள் அதற்குப் பின்னால் பிறந்தவள் என்பதால் வீட்டில் அவளுக்கு இளையவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். 'அக்காவுக்கு ஏசி, எனக்கு ஃபேன்' என்று வந்தவர் போனவரிடமெல்லாம் புகார் சொல்வது அவளுக்குப் பொழுதுபோக்கு.

வேலை செய்யும் இடத்தில் லிஃப்ட்காரர் வேறு ஆள். நகரத்தின் பழைய கட்டடங்களில் இருக்கும் லிஃப்டுகளில் பாதிக்கு உதிரிபாகமே வருவதில்லை. ஒன்று, செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்தியிருக்கும், அல்லது கம்பெனியே இழுத்து மூடப்பட்டிருக்கும். அதற்காக அவர் ஒருநாளும் முகம் வாடியதில்லை. கதவு ரோலர் தேய்ந்துவிட்டதென்றால் லேத் பட்டறையில் நைலான் கட்டை ஒன்றைக் கடையச் சொல்லிப் பொருத்திவிடுவார். 'ஒரிஜினல் இல்லையா?' என்று கட்டடத்துச் செயலாளர் இழுத்தால், "அவன் நிறுத்தினா நிறுத்திட்டுப் போறான் சார். நமக்குக் கதவு தெறக்கணும், அவ்வளவுதான்," என்று ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போடுவார்.

அதே மனிதர், அதே சொல்லைப் பொம்மைக் கம்பெனியின் அறிவிப்பில் பார்த்தால் சோற்றில் கை வைக்கமாட்டார். வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்த அறிவிப்பு வந்துவிடும். ஒரு முக அச்சு, ஒரு கால் அளவு, ஒரு விழி நிறம் எனக் கம்பெனி எதையாவது நிறுத்தும். அன்று மாலை அவர் கை கழுவுவது இரட்டிப்பு நேரம் நீளும். வீட்டார் அதைக் கொண்டே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள்.

"என்ன நிறுத்திட்டாங்க?" என்பார் மனைவி, தையலிலிருந்து தலை தூக்காமல்.

"பதினாலாம் நம்பர் சாம்பல் கண்ணு."

"நம்மகிட்ட இருக்குல்ல?"

"ஒரு ஜோடிதான் இருக்கு."

"அவளுக்கும் ஒரு ஜோடி கண்ணுதானே இருக்கு."

இந்தத் தர்க்கம் அவரிடம் செல்லாது. நிறுத்துவதாக அறிவித்தவுடன் கையிருப்புத் தீர்வதற்குள் மாற்று உறுப்பு ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய நெறி. வாங்கியதைக் கறுப்புத் துணியில் சுற்றி, தகரப் பெட்டியிலிட்டு, அலமாரியின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். வெளிச்சம் படக் கூடாது, தூசு படக் கூடாது, ஆள் பார்வைகூடப் படக் கூடாது. இழுப்பறையில் இப்படிக் கைகளும் கால்களும் விழிகளும் வருடக்கணக்கில் உறங்கின. வேலைக்கு வந்த புதுப் பெண் ஒருத்தி ஒருநாள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து வரவில்லை.

மூத்தவளின் மாடலையே கம்பெனி நிறுத்தி எட்டு வருடமாகிறது. அந்த மாடலை வைத்திருப்பவர்கள் இந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலுமாக ஒரு டஜன் பேர் தேறுவார்கள். பொம்மைகள் அக்கா தங்கைகள் என்றால் வைத்திருப்பவர்கள் என்ன முறை என்று தொடக்கத்தில் பெரிய விவாதம் நடந்தது. சம்பந்தி என்றார் ஒருவர். சகலை என்றார் இன்னொருவர். கடைசியில் பங்காளி என்று முடிவாயிற்று. அதனால் கண் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெண்மணியும் இவர்களுக்குப் பங்காளிதான். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடனப் பள்ளியொன்றின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, மூத்தவள் குலம் முழுவதையும் நீள மேசைமேல் இரண்டு வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். நிறுத்தப்பட்ட மாடல் என்பதால் இனி எண்ணிக்கை கூட வழியில்லை. எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் படம்.

முன்வரிசைக்கு ஒரு விதி உண்டு. கம்பெனிப் பெட்டியிலிருந்து வந்த உறுப்புகள் வந்தபடியே இருக்கும் பொம்மைகள் மட்டும் முன்னால். ஏதாவது மாற்றியிருந்தால் பின்னால். விதியைக் கொண்டுவந்தவர் லிஃப்ட்காரர். நர்ஸம்மாவின் பொம்மைக்கு ஒரு பாதம் உடைந்து, மாற்று கிடைக்காமல், அவரே மரத்தில் செதுக்கி வர்ணம் பூசி மாட்டிக்கொண்டு வந்த வருடம் அது. "கால் கம்பெனியோடது இல்லையே," என்று குனிந்து பார்த்துச் சொன்னார் லிஃப்ட்காரர். நர்ஸம்மா அதுமுதல் தன் பொம்மைக்குத் தரையைத் தொடும் பாவாடை கட்டி, யாரும் சொல்லாமலே பின்வரிசையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். முன்வரிசையின் நட்டநடுவில் நிற்பது மூத்தவள். அவளுக்கு ஒரு நகம்கூட மாறியதில்லை.

இந்த வருடக் கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது மூத்தவளின் கழுத்து லேசாகச் சாயத் தொடங்கியது. கயிறு தளர்ந்திருக்கிறது. கயிறு மாற்றுவது அவருக்குக் கைவந்த வேலை. லிஃப்டின் எஃகு வடத்தையே மாற்றுகிறவருக்கு எலாஸ்டிக் எம்மாத்திரம்? மணிக்கட்டில் இருக்கும் சிறு கொக்கியைப் பிடித்து இழுத்து, கயிற்றை அதில் மாட்டுகிற நேரத்தில் யாரோ வாசல் மணியை அழுத்தினார்கள். கொக்கி நழுவிற்று. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப்போல இடக்கை பறந்துபோய் இரும்பு அலமாரியில் மோதித் தரையில் விழுந்தது. மூன்று விரல்கள் உடைந்தன. இரண்டு கிடைத்தன. மூன்றாவதை மனைவியும் மகளும் டார்ச் அடித்துக் கட்டிலுக்கடியில் தேடியும் அகப்படவில்லை.

"வாசல்ல யாரு?" என்று கேட்டார் லிஃப்ட்காரர், வெகுநேரம் கழித்து.

"பேப்பர்காரர்."

"நாளையிலேருந்து நிறுத்திரு."

ஆனாலும் அவர் முழுவதும் உடைந்துவிடவில்லை. இழுப்பறை இருக்கிறதே. எட்டு வருட முன்யோசனைக்கு இன்று பலன் கிடைத்தது என்ற பெருமிதத்தோடு தகரப் பெட்டியைத் திறந்து, கறுப்புத் துணியைப் பிரித்து, மாற்று இடக்கையை எடுத்து மாட்டி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார்.

மகள்தான் முதலில் பேசினாள். "அப்பா, அக்கா ஒரு கைக்கு மட்டும் பவுடர் போட்டுக்கிட்ட மாதிரி இருக்கா."

ரெசின் வயதாக ஆக நிறம் மாறும். திரை போட்ட அறையில், கண்ணாடிக்குள் நின்றிருந்தாலும், இத்தனை வருட அறை வெளிச்சத்தில் மூத்தவள் தந்த நிறத்துக்கு வந்திருந்தாள். தினமும் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை. இருட்டில் பூட்டிக் காப்பாற்றப்பட்ட கையோ பெட்டியிலிருந்து வந்த அன்றிருந்த பால் வெள்ளையில் அப்படியே இருந்தது. வெளிச்சம் படாமல் வைத்ததுதான் தவறு. பத்திரமாக வைத்ததே வினையாகிவிட்டது.

லிஃப்ட்காரர் அன்றைக்கே இழுப்பறையைக் காலி செய்து, அத்தனை மாற்று உறுப்புகளையும் அந்தந்தப் பொம்மையின் காலடியில் வைத்தார். "கூடவே இருந்து வயசாகட்டும்," என்றார். இடக்கைக்கு அந்த அவகாசமும் கிடையாது. கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, வாழ்நாள் முழுதும் வெயிலைப் பொம்மைகளின் பரம எதிரியாக நினைத்த மனிதர், அந்தக் கையைப் பால்கனியில் துணிக்கொடிக்குக் கீழே ஒரு தட்டில் வைத்து வெயில் காட்டினார்.

அதிகம் காய்ந்தால் பச்சை கலந்து பாழாகிவிடும். மணிக்கொருதரம் திருப்பிப் போட வேண்டும், நிழல் விழுந்தால் தட்டை நகர்த்த வேண்டும். அவர் பகலெல்லாம் எங்கோ லிஃப்ட் பள்ளத்துக்குள் இருப்பார். பொறுப்பு மனைவி தலையில் விழுந்தது.

"ஏசி வாங்கினதுக்கு அவுட்டோர் யூனிட் வேற," என்று முணுமுணுத்தபடியே அவர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் இரண்டே நாளில் தையல் மெஷினைப் பால்கனிக் கதவருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். காக்கையொன்று தட்டருகே வந்து அமர்ந்தபோது கையிலிருந்த அளவு டேப்பை வீசி விரட்டினார்.

பள்ளத்துக்குள்ளிருந்து தொலைபேசி வரும். ஒலி எதிரொலித்து மேல்மாடிவரை கேட்கும்.

"கை எப்படி இருக்கு?"

"கொஞ்சம் மஞ்சளாயிருக்குங்க."

"விரலெல்லாம்?"

"விரல் நுனி இன்னும் வெளுப்பாத்தான் இருக்கு."

"திருப்பிப் போடு. புறங்கைக்கு வெயில் பத்தல."

ஒருநாள் மேலேறி வந்தவரை அந்தக் கட்டடத்துக் காவலாளி வழிமறித்தார். "வீட்ல யாருக்கு சார் ஒடம்பு சரியில்ல?"

"மூத்தவளுக்குக் கை போயிடுச்சு. வேற மாட்டணும். கலர்தான் ஒத்து வரல," என்றார் லிஃப்ட்காரர், நினைப்பெல்லாம் வேறெங்கோ இருக்க. காவலாளி அவருடைய பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் கையை மாட்டிப் பார்த்தார்கள். பால் வெள்ளை போயிருந்தது; தந்த நிறம் வந்திருந்தது. ஆனால் முழுதாக ஒன்றவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சாயல் வித்தியாசம் இருந்தது. அதுவும் மணிக்கட்டில், மூட்டுச் சேரும் இடத்தில், கோடு போட்டதுபோல் தெரிந்தது. அவர் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவளின் இடம் எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த விதியில் ஓட்டை எதுவும் கிடையாது. ஓட்டை இல்லாமல் எழுதியதே அவர்தான்.

மனைவி எழுந்துபோய்ப் புதிதாகத் தைத்த ஓர் உடையைக் கொண்டுவந்தார். இளம்பச்சை. கைகள் இரண்டும் நீளமாக இறங்கி, விளிம்பில் லேஸ் வைத்து, விரல் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும்படி இருந்தது.

"இத மாட்டிட்டா மணிக்கட்டு தெரியாது," என்றார். "யாரும் கேக்கமாட்டாங்க. முன்னாடியே நிக்கட்டும். நம்ம மூத்தவ."

'நம்ம' என்று அவர் சொன்னது அதுவே முதல்தடவை. லிஃப்ட்காரர் உடையை வாங்கிக்கொண்டார். மூத்தவளுக்கு அதைப் போட்டு, லேஸை மணிக்கட்டின்மேல் இழுத்துவிட்டார்.

மறுநாள் நடனப் பள்ளிக் கூடத்தில் பங்காளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். சுவரை அடைத்த நிலைக்கண்ணாடியில் ஒவ்வொரு பொம்மையும் இரண்டாகத் தெரிந்தது. படம் எடுக்கும் பங்காளி வங்கியில் காசாளர். கேமராவை முக்காலியில் ஏற்றிவிட்டு, "சீக்கிரம், வெளிச்சம் போயிடும்," என்று அவசரப்படுத்தினார். முன்வரிசையின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. பின்வரிசை ஓரத்தில் நர்ஸம்மா தன் பொம்மையின் நீண்ட பாவாடையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"என்ன பங்காளி, புது டிரெஸ்ஸா? அம்சமா இருக்கு," என்றார் நர்ஸம்மா. "போங்க, உங்க எடத்தப் பிடிச்சு வச்சிருக்கோம்."

லிஃப்ட்காரர் மூத்தவளை மார்போடு அணைத்தபடி நின்றார். அவர் மனைவியும் மகளும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காலியிடத்தைத் தாண்டி மேசையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"கொஞ்சம் நகருங்க பங்காளி," என்றார் நர்ஸம்மாவிடம். "மூத்தவ இங்க நிப்பா."

"இங்கயா? ஏன்?"

அவர் மூத்தவளை மரப்பாதம் கொண்டவளின் பக்கத்தில் நிறுத்தி, சாயாமல் இருக்கிறாளா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ரெடியா?" என்று குரல் வந்தது. "ஒரு நிமிஷம்," என்றார். பிறகு குனிந்து, இடக்கையின் லேஸை மணிக்கட்டுக்கு மேலே மெதுவாக ஒரு மடிப்பு மடித்தார். சற்றே விலகிப் பார்த்துவிட்டு, இன்னும் நன்றாகத் தெரியும்படி, இன்னொரு மடிப்பும் மடித்துவிட்டார்.