குளிரில் வெளுத்த படம்

காலாவதியான ஃபிலிமும் காலாவதியான டின் மீனும் அம்மாவுக்கு ஒன்றுதான். "தூக்கிப் போடுறத விட்டுட்டு, அத வச்சு என்னத்தப் படம் புடிக்கிற?" என்று திட்டிக்கொண்டே இருப்பார். கண்டி டவுனில் ஒரு கேமராக் கடையை மூடியபோது மலிவாக அள்ளிவந்த பெட்டிகள் அவை. எடுத்த கையோடு கேமராவிலிருந்தே படம் வெளியே வந்துவிடும். ஆனால் பழைய ஃபிலிம் சொன்ன பேச்சுக் கேட்காது. தெளிந்து வரும் நேரத்தில் படத்தைச் சூட்டில் வைத்தால் மஞ்சளும் சிவப்புமாகத் திரியும். குளிரில் வைத்தால் பச்சை பாய்ந்து வெளுத்துப்போகும். வேலை விட்டு வந்தால் எனக்கு அதுதான் பைத்தியம்.

மழை விட்ட ஒரு காலையில், அம்பிட்டிய வீட்டு மதிலில் கேமராவை வைத்து என்னையே எடுத்தேன். படத்தை நேரே ஃபிரிட்ஜுக்குள் வைத்தேன். பின்னால் நின்ற மலை பாசி நிறத்துக்குப் போயிருந்தது, அத்தனை அழகு. என் முகமோ வெளிறிப்போய், மூக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மலைக்காகத்தான் அதை மேசையில் சாய்த்து வைத்தேன்.

அம்மாவோ அதை முகத்துக்காக எடுத்துக்கொண்டார். "இதுலதான் லட்சணமா இருக்க" என்றார். நான் கறுப்பு. எனக்கு இன்னும் கல்யாணமாகாததற்கு அதுதான் காரணம் என்று எங்கள் வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது. மலையை வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் போனில் பிடித்துத் தரகருக்கு அனுப்பியிருக்கிறார். பிலிமத்தலாவையிலிருந்து பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள்தான் எனக்கே சொன்னார்.

மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தங்கையும் வந்தார்கள். நான் தேநீர்த் தட்டோடு போனதும் அந்த அம்மா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"போட்டோவுல புள்ள நல்ல வெள்ளையா இருந்துச்சே?"

"வேலைக்குப் போயிட்டு வர்ற புள்ள. வெயில்ல கொஞ்சம் கறுத்திருச்சுங்க" என்றார் அம்மா.

நான் தட்டை மேசையில் வைத்தேன். "வெயில் இல்ல ஆன்ட்டி, ஃபிலிம்தான் கெட்டுப்போனது. நான் எப்பவும் இந்த நிறந்தான்" என்றேன்.

மாப்பிள்ளை தேநீரை அவசரமாகக் குடித்து முடித்தார். "பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்தார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கேமராவுல நம்ம மகளையும் ஒண்ணு எடுத்துத் தருவியாம்மா? அவளுக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அந்தப் பெண்ணும் என் நிறம்தான். போட்டோப் பேச்சு வந்ததிலிருந்து அவள் தலை நிமிரவேயில்லை.

"ஃபிலிம் முடிஞ்சிருச்சு ஆன்ட்டி" என்றேன். உள்ளே மிச்சம் இருந்தது. பழிவாங்குவதற்காகச் சொல்லவில்லை. அவள் மூக்கையும் முழியையும் அழித்து அவள் அம்மா கையிலேயே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர்களுடைய வேன் இறக்கத்தில் மறையும்வரை அம்மா வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

"இன்னும் ஃபிலிம் இருந்துச்சே. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்திருந்தா அவங்க மனசு மாறியிருக்குமே" என்றார்.

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.