பேர் வைக்காத இருபது நாள்

நாயைக் கொண்டுவந்து விட்ட அன்றே டீச்சர் ஒரு கட்டளை போட்டார்: பேர் வைக்கக் கூடாது.

“எடுத்துட்டுப் போறவுக வைக்கட்டும்க்கா. நீங்க ஒண்ணு வச்சு அவுக ஒண்ணு வச்சா அது குழம்பிப் போயிரும். உங்களுக்கும் அனுப்ப மனசு வராது.”

எனக்கு மனசு வராதாம்! வந்த சிரிப்பை முகம் வரைக்கும் கொண்டுவரக்கூடச் சோம்பலாக இருந்தது. சரி என்றேன். அந்த ஒரு வருடமாக யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். சரி என்றால் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

டீச்சர் அடுத்த தெரு. சர்ச் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுக்கிறவர். சாத்தூர் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கிற நாய், பூனை எதைப் பார்த்தாலும் ஸ்கூட்டியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிடுவார். வைத்தியம் பார்த்து, போட்டோ எடுத்துப் போனில் போட்டு, யாராவது எடுத்துக்கொள்ளும் வரைக்கும் தெரிந்த வீடுகளில் விட்டுவைப்பார். இந்தத் தடவை அவர் வீட்டில் ஏற்கனவே மூன்று கிடந்தன. என் வீட்டில் காம்பவுண்டுச் சுவர் இருந்தது, வேப்ப மரம் இருந்தது, நான் ஒருத்திதான் இருந்தேன். வீட்டு ஓனரிடம் டீச்சரே போய்ப் பேசினார். தீபாவளி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு நாள்கூட ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு வீடு கிடைக்காவிட்டால் நாய் வந்த இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

வந்த இடம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம், பூட்டிப் போட்ட ஒரு பட்டாசுக் கம்பெனி. செய்த வெடியைச் சாம்பிளுக்குப் போட்டுப் பார்க்க அங்கே ஒரு பொட்டல் இருந்தது. அந்தப் பொட்டல் ஓரமாக வாட்ச்மேன் சோறு போட்டு வளர்த்த நாய் இது. கம்பெனியை மூடியதும் வாட்ச்மேன் தன் ஊருக்குப் போய்விட்டார். நாய் மட்டும் கேட்டுக்கு முன்னால், லோடு லாரி போகிற ரோட்டை ஒட்டிப் படுத்தே கிடந்ததாம். ஏற்கனவே ஒரு லாரி உரசிப் பின்னங்காலில் புண். டீச்சர் தூக்கியபோது ஒரு உறுமல்கூட இல்லை என்றார்.

வெளுத்த செங்கல் நிறம். பொட்டை நாய். வயது ஐந்து, ஆறு இருக்கும். அதற்கு எதிலும் அவசரமே கிடையாது. தட்டில் சோற்றை வைத்தால் நான் கையை எடுத்து, நிமிர்ந்து, இரண்டு எட்டு தள்ளி நின்ற பிறகுதான் வாய் வைக்கும். நான் புழங்குகிற இடமெல்லாம் கண்ணால் பின்னாலேயே வரும். துணி காயப்போட்டால் பார்க்கும். பாத்திரம் விளக்கினால் பார்க்கும். எப்போது திரும்பினாலும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

“எதுக்குடி என் மூஞ்சியவே பாக்க? அங்கன என்ன சினிமாவா ஓடுது?” என்று ஒரு நாள் கேட்டேன். வாலை ஆட்டியது. அந்த வாரத்தில் வீட்டுக்குள் நான் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பேர் இல்லாததால் அதைக் கூப்பிடவும் வேலை இல்லை. டிவியை நான் எடுத்து மூலையில் வைத்து மாசக்கணக்காகியிருந்தது. திருப்பூரில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

எனக்குக் காலண்டர் கம்பெனியில் வேலை. அட்டையில் தேதித்தாள் கட்டை வைத்துப் பின் அடிக்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு மாதிரிப் படங்களை ஆல்பமாகப் போட்டு ஆர்டர் பிடித்தால், அதற்குப் பிறகு எங்களுக்கு இந்த வருடம் என்பதே கிடையாது. எந்நேரமும் கைக்கடியில் அடுத்த வருடம்தான். அடுத்த வருடம் அவர் போன தேதி என்ன கிழமை என்று ஒரு கட்டைப் புரட்டிப் பார்த்தேன். செவ்வாய். பார்த்துவிட்டு அதையும் அட்டையில் வைத்துப் பின் அடித்து அடுக்கினேன். ஒன்றுமே தோன்றவில்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை போய்ச் சேர்ந்தார் என்றால், எந்தக் கம்பெனி, எத்தனை பேர் என்றுதான் முதலில் கேட்பார்கள். இதில் வெடியும் இல்லை, தீயும் இல்லை. வேலை முடிந்து கம்பெனி வேனில் வரும்போது, ஜன்னலோர சீட்டில் தலையைச் சாய்த்தவாக்கில் நெஞ்சு நின்றுவிட்டது. சீசன் நேரத்தில் சாயங்கால வேனில் பாதிப் பேர் தூங்குவார்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பது அங்கே ஒரு மரியாதை. பேச்சைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள், அவரவர் இடம் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தட்டுவார். எங்கள் ஸ்டாப்தான் கடைசி. அங்கே வந்து தோளைத் தட்டியபோதுதான் தெரிந்திருக்கிறது. தலை ஆடாமல் இருக்கட்டும் என்று ஒருவர் தன் துண்டை மடித்து ஜன்னலுக்கும் அவர் தலைக்கும் நடுவில் வைத்திருந்தார்.

“தூங்குறாருன்னு நெனச்சோம்மா” என்று ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். தலையாட்டினேன். எப்போது போனார், எந்த ஊரைத் தாண்டும்போது போனார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. அழவும் இல்லை. “தைரியமான பொம்பள” என்று வந்தவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

அதே பேச்சை இந்த நாய்க்கும் பேசினார்கள். தீபாவளி நெருங்கியது. பகலில் பட்டாசுக் கம்பெனிப் பக்கமிருந்து சாம்பிள் வெடிக்கிற சத்தம், சாயங்காலம் தெருப் பிள்ளைகள் போடுகிற சரம். தெருநாய்கள் எல்லாம் நின்ற வேனுக்கு அடியில் போய் நடுங்கிக் கிடக்கும். இது வேப்ப மரத்தடியில் சாக்கில் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

“வெடியிலயே பொறந்து வளந்தது மதினி, அதான் அசர மாட்டேங்குது” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. “என்னா தைரியம் பாருங்க.”

நானும் அப்படித்தான் நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். வேறு ஊராக இருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்களோ என்னவோ. எங்கள் ஊரில் வெடிக்குத் திரும்பிப் பார்க்காதவர்கள்தானே முக்கால்வாசி.

சரம் வெடிக்க வெடிக்க நாய் படுத்துத் தூங்குவதை டீச்சர் வீடியோ எடுத்துப் போட்டார். மூன்றாம் நாளே மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. ரிட்டயர் ஆன ஒரு புருசன் பெண்டாட்டி. அவர்கள் வளர்த்த நாய் போன தீபாவளிக்கு வெடிக்குப் பயந்து வெளியே ஓடி லாரியில் அடிபட்டுச் செத்துப்போயிற்றாம். வெடிக்குப் பயப்படாத நாய் கிடைத்தால்தான் இனிமேல் வளர்ப்பது என்று இருந்தார்களாம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

“ஜெபம் வீண் போகலக்கா” என்று டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். சரி என்றேன்.

அவர்கள் வருவதற்கு முந்தின சனிக்கிழமை. கம்பெனியில் கரண்டு இல்லை, மதியமே விட்டுவிட்டார்கள். வழக்கமாகச் சாயங்காலம் நான் வருகிற நேரத்துக்கு நாய் கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அன்றைக்குக் கேட்டுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துக் கிடந்தது. இரும்புக் கேட்டு, திறந்தால் தெருவுக்கே கேட்கும். நாய் அசையவில்லை. “ஏ புள்ள” என்றேன். அசையவில்லை. கையிலிருந்த தூக்குச்சட்டியை நழுவ விட்டேன். மூடி தனியாக உருண்டு சுவரில் போய் மோதியது. அப்போதும் அசையவில்லை.

போய்விட்டது என்று நினைத்தேன். எட்டு அடி தூரம்தான். போய்த் தொட்டுப் பார்க்க எனக்குக் கால் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “என்ன மதினி நிக்கீக? தூங்குது, விடுங்க.”

அந்த வார்த்தை எங்கிருந்து என்னைத் தள்ளியதோ தெரியாது. விறுவிறுவென்று போய் அதன் தலைமாட்டில் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். தரை அதிர்ந்ததில் நாய் திடுக்கிட்டு எழுந்தது. என் காலைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது. வாலை ஆட்டியது.

அது தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். குடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் பக்கத்தில் போய், காதுக்கு அருகிலேயே வைத்து அடித்தேன். குடித்து முடித்துத்தான் திரும்பியது. தைரியமாவது மண்ணாங்கட்டியாவது. வருசக்கணக்காகப் பொட்டல் ஓரத்தில் கிடந்து செவி போயிருக்கிறது. பேர் வைக்காத நாயை யாரும் கூப்பிடவில்லை, அதனால் அது திரும்பாததையும் யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அம்புட்டுக் கோபம் வந்தது. “இத்தன நாளும் எங்கள எல்லாம் முட்டாளாக்கிட்டுக் கெடந்திருக்க பாரு, ஊமக் கழுத!” என்று கத்தினேன். அது என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வருடத்தில் எனக்கு முதன்முதலாக வந்த கோபம் அது. போயும் போயும் ஒரு நாய் மேல்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சொன்னா எடுக்க மாட்டாகக்கா. ஓனர் தீபாவளிக்கு மேல ஒத்துக்க மாட்டாரு. வேற ஒரு வீடும் கைவசம் இல்ல. மறுபடியும் அந்த லாரி ரோட்டுலயா கொண்டுபோயி விட?” பிறகு, “அவுகளாக் கேட்டா சொல்லுவோம். கேக்கலைன்னா…” என்று நிறுத்திக்கொண்டார்.

பொய் பேசத் தெரியாத மனுசி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நானும் சரி என்றேன். அன்றைக்கு எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கார் வந்தது. அந்த அம்மா கேட்டைத் திறந்ததும் நேரே நாய்க்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் கையை முகர்ந்து, மடியில் தாடையை வைத்தது. அவர் புருசன் சந்தோசமாகப் பேசிக்கொண்டே இருந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன்.

“வீட்டுக்கு முன்னாடியே ரிங் ரோடும்மா. இது வெடிக்கு ஓடாது, இனி நிம்மதியா கேட்டத் தொறந்து போடலாம்” என்றார்.

டீச்சர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லாரியை நினைத்தேன். ஹாரன் அடித்துக்கொண்டு வருகிற லாரியும், ரோட்டில் முதுகைக் காட்டி நிற்கிற நாயும்.

“அது தைரியம் இல்லைங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “அதுக்குச் செவி கேக்காது. எங்களுக்கும் நேத்துதான் தெரியும். கேட்டத் தொறந்து போட்டீகன்னா செத்துப் போயிரும்.”

அந்த அம்மாவின் புருசன் எழுந்து கேட்டு வரைக்கும் போய் நின்றார். அவ்வளவுதான், காரை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம்தான்.

அந்த அம்மா மட்டும் மடியிலிருந்த தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டைப் பார்த்துச் சொன்னார்: “எங்க பழசுக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. நான் கத்துனேனே, எம்புட்டுக் கத்துனேன். நின்னுச்சா?” என்னிடம் திரும்பினார். “இதை எப்படிக் கூப்பிடுறது?”

காலால் தரையை இரண்டு தடவை மிதித்துக் காட்டினேன். நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து எழுந்து வந்தது. அந்த அம்மாவும் மிதித்தார். அவரிடமும் போனது. கேட்டிலிருந்து அவர் புருசன் திரும்பி வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு ஒரு மிதி மிதித்தார். அவரிடமும் போய் நின்றது. “கேட்டப் பூட்டித்தான் வைக்கணும்” என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பின் சீட்டில் நாயை ஏற்றி, அதன் சாக்கையும் மடித்து வைத்தேன். கார் கண்ணாடி வழியாக எல்லாம் சொன்னேன். கயிறு இல்லாமல் வெளியே விடாதீர்கள், தட்டை வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்றெல்லாம்.

“தூங்குறப்ப பின்னால போயித் தொடாதீக, பதறிரும். முன்னால போயி மிதிங்க.”

“சரிம்மா.”

“ஆனா எழுப்புங்க. ரொம்ப நேரமா அசையாமக் கெடந்துச்சுன்னா எழுப்பிப் பாருங்க. பாவம் தூங்கட்டும்னு விட்டுறாதீக. தூங்குதுன்னு நெனச்சு விட்டுறாதீகய்யா. ஒரு தடவ தொட்டுப் பாத்தா என்ன கொறஞ்சா போகுது? ஒரே ஒரு தடவ தோளத் தட்டிப் பாத்திருந்தா…”

டீச்சர் என் தோளைப் பிடித்தார். காரில் இருந்தவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்து, “எழுப்புறோம்மா, கண்டிப்பா எழுப்புறோம்” என்றார்.

கார் தெருமுனை திரும்பியது. நான் நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை.