செங்கல் வண்டிகள் நிற்கும் சாலை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் எங்கள் மாட்டுவண்டி நிற்கிறது. முன்னால் வரிசையாகச் செங்கல் வண்டிகள். அவிழ்த்துவிட்ட மாடுகள் அசைபோடுகின்றன. சீசனுக்கு வரும் பணக்காரர்களுக்காக இந்த வயல்வெளி முழுக்க பங்களாக்கள் எழும்பப் போகின்றனவாம். அதைத் தடுக்க ஊர்க்காரர்கள் நேற்றிலிருந்து சாலையின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சாரலில் நனைந்து நனைந்து, சத்தம் போடக்கூட யாருக்கும் தெம்பில்லை.

ரயிலில் வந்த இடுப்புவலி எனக்கு. எரிச்சலோடு இறங்கி, ஓலைக்குடை பிடித்திருக்கும் ஒரு விவசாயியிடம் போகிறேன்.

“அண்ணாச்சி, எங்க வண்டிய மட்டும் விடுங்க. நான் எடம் வாங்க வரல. ரெண்டு நாள் அருவியில குளிச்சிட்டுப் போயிருவேன்.”

அவர் கோபப்படவில்லை. சேறு அப்பிய காலை மெதுவாக மடக்கி வழிவிடுகிறார்.

“போங்கய்யா. பங்களா கெட்டுத எசமான்மாரும் மொதல்ல குளிக்கத்தான் வந்தாவ.”