இரண்டாம் பாதி என்னிடம் இருந்தது

காலை பத்து மணி பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றால், நடத்துநர் கையில் புத்தகம் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகைக் கிளறிக்கொண்டே அப்படித்தான் பார்த்தேன். நடத்துநர் வெறுங்கையோடு இறங்கினார். பஸ்ஸை நிற்க வைத்துவிட்டு எங்கள் வாசல் வரைக்கும் நடந்து வந்தார்.

"டீச்சர், நம்ம லைன்மேன் போய்ட்டாருங்க. விடியக்காலமுங்க. ஆஸ்பத்திரியிலயேங்க. மத்தியானம் ஊட்டுக்குக் கொண்டாறாங்களாம்."

நான் உள்ளே போய் மேசை மேல் இருந்த பாதிப் புத்தகத்தைப் பார்த்தேன். அதன் மேல் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது தீர்ந்தபாடில்லை.

நம் 'நெடுவான் கலம்' ரசிகர் வட்டத்தில் பலருக்கு லைன்மேன் வெள்ளையனைக் குரலாக மட்டுமே தெரியும். ஏழு நிமிடம், எட்டு நிமிடம் ஓடும் அந்தக் குரல் பதிவுகள். பின்னணியில் காற்றும், யாரோ ஆட்டை விரட்டுவதும் கேட்கும். "கொல்லிமலைக்காரர் ஆரம்பிச்சுட்டார்" என்று கிண்டல் செய்தவர்களும், அவர் குரல் வராத நாளில் "எங்கே காணோம்?" என்று கேட்டவர்களும் நீங்கள்தான். நேரில் பழகியவள் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறேன். அவருடைய பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

'நெடுவான் கலம்' என்பது வீடு திரும்ப வழி தெரியாமல் விண்வெளியில் அலையும் ஒரு பெரிய கப்பலின் கதை. வெளிநாட்டுத் தொடர். தமிழில் பேசவைத்து, பாத்திரங்களுக்கும் தமிழ்ப் பெயர் வைத்து, ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டார்கள். இன்று ஓய்வுபெற்றுவிட்ட நான் அப்போது கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் நடுநிலைப்பள்ளிக் கணக்கு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டில் அடுப்பு எரியாது.

ஒரு பருவத்தின் கடைசிப் பகுதி. கலம் கருந்துளைக்குள் நுழையப்போகிறது. முதல் நாள் காற்றில் கொண்டை ஊசி வளைவில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துவிட்டது. மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு சண்டை போடவே போனேன். கம்பத்தின் உச்சியில் ஒருவர் இருந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது. கீழே பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங்க, பத்து மணிக்குள்ள கரண்ட் வந்துருமுங்களா?" என்று கத்தினேன்.

"பத்து மணிக்கு என்னங்க டீச்சர், கலெக்டரு வாராரா?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். "கலம் கருந்துளைக்குள்ள போகுதுங்க!" என்றேன். கூட்டம் இன்னும் சிரித்தது. மேலே இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பதினெட்டு நிமிசந்தானுங்க இருக்குது. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? மேகலா என்ன ஆவாளோன்னு நேத்துலருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. சித்த சும்மா இருங்க, வேலையப் பாக்கோணும்."

மின்சாரம் வந்தபோது மணி பத்தே முக்கால். நான் ஓடி வந்து பெட்டியைப் போட்டால் சோப்பு விளம்பரம். சிறிது நேரத்தில் அவர் இடுப்புப் பட்டையோடு வாசலில் வந்து நின்று, "என்னாச்சுங்க?" என்றார். "சோப்பு" என்றேன். இருவரும் அந்தப் பகுதியைக் கடைசிவரை பார்க்கவில்லை.

அதனால்தான் நாவலுக்குப் போனோம். தொடரின் கதையை ஒட்டி மாத நாவல் வரிசை ஒன்று வந்துகொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியும். மட்டமான தாள். அட்டையில் வேறு ஏதோ கப்பலின் படம். மாதத்துக்கு ஒரு எழுத்தாளர் பெயர். ஒரு நாவலில் தளபதியின் ஊருக்கு இரண்டு நிலா இருக்கும், அடுத்த நாவலில் மூன்று. பஸ் நிலையக் கடையில் நடத்துநர் கேட்டபோது கிடைத்தது ஒரே பிரதி. யார் முதலில் படிப்பது என்ற பேச்சில் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளையன் பக்கங்களை எண்ணினார். சரியாக நடுவில் கத்தியை வைத்து, முதுகோடு அறுத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"ஒத்தப்பட மாசம் மொதப்பாதி உங்களுக்கு. ரெட்டப்பட மாசம் எனக்கு. படிச்சுட்டு மாத்திக்கலாமுங்க. ஆனா ஒண்ணு, மாத்தற வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

புத்தகத்தை அறுப்பதா என்று ஆசிரியை மனம் பதறியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீடுகளில் முழுப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு மாதமும் எங்களில் ஒருவருக்குக் கதையின் முடிவு முதலிலும் தொடக்கம் கடைசியிலும் வந்தது.

இப்படிப் படிப்பதில் ஒரு வினோதம் உண்டு. மேகலா கலத்தின் பொறியாளர். தொலைக்காட்சியில் அந்த நடிகை விலகியதும் ஒரு வாரம் இருந்தவள் மறுவாரம் இல்லை. கலத்தில் ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லவில்லை. நாவல்தான் அவள் எங்கே போனாள் என்று சொன்னது. சிறு ஓடம் ஒன்றில் ஏறிப் போய்விட்டாளாம். அந்த மாதம் எனக்கு வாய்த்தது இரண்டாம் பாதி. இருந்த எரிபொருளை அவள் எடுத்துக்கொண்டு போனதால் கலத்தில் உள்ளவர்கள் குளிரில் தவிக்கிறார்கள். துரோகி என்று முடிவு கட்டினேன். அவருக்கு முதல் பாதி. எதிரிகளைத் தன் பின்னால் இழுத்துப் போகத்தான் அவள் கிளம்பினாள் என்று அதில் இருந்தது. பாதிகளை மாற்றிப் படித்த பிறகும் என் கோபம் எனக்கு, அவர் பரிவு அவருக்கு. பல வருடம் சண்டை போட்டோம். வகுப்பில் இதைப் பார்த்திருக்கிறேன். விடையை முதலில் பார்த்துவிட்ட பிள்ளை, கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதும் விடையைத்தான் பார்க்கும். எனக்கே அது நடந்தது என்று உணர நெடுநாள் ஆயிற்று.

"டீவியில அவள ஒருத்தரும் தேடலீங்க. நாவல்ல தேடறாங்க. எனக்கு அது போதும்" என்பார். இரண்டு நிலா, மூன்று நிலா என்று நான் குற்றம் சொன்னால், "ஒண்ணு மலைக்குப் பின்னால இருந்திருக்குமுங்க டீச்சர்" என்பார்.

அவர் எனக்குச் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு முறை இரண்டு மாதத்து நாவல்களின் பாதிகள் அவர் வீட்டில் கலந்துவிட்டன. முதல் பாதியில் தளபதி பனிக்கோளில் உறைந்து கிடக்கிறார். இரண்டாம் பாதியில் யாருடைய கல்யாணத்திலோ விருந்து சாப்பிடுகிறார். நான் பிரமித்துப்போய், 'காலத்தைத் தாண்டும் இந்தத் துணிச்சலான தாவல் தமிழுக்குப் புதிது' என்று பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த நாவலின் வாசகர் பக்கத்தில் என் பெயர், ஊர் எல்லாம் போட்டு அச்சிட்டும்விட்டார்கள். வெள்ளையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பலாமரத்தடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அது வேற நாவலுங்க டீச்சர்! கல்யாணம் போன மாசத்துது!"

"வெளியில சொல்லீராதீங்கண்ணா."

"சொல்லமாட்டனுங்க. ஆனா மறக்கவும் மாட்டேன்."

சொல்லவில்லை. இன்றுதான் உங்களுக்கே தெரிகிறது, நானே சொல்லி.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நின்றுபோன தொடரைப் புதியவர்கள் மறுபடி எடுத்தார்கள். நாவல்களில் நடந்தது எதுவும் இனிக் கதையில் சேராது என்று அறிவித்தார்கள். வட்டத்தில் பாதிப் பேர் கொண்டாடினீர்கள். வெள்ளையன் அன்று அனுப்பிய பதிவில் ஒரு வரி: "கம்பியில கரண்டு வரலீன்னா வரலீன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். கம்பியே இல்லீன்னு சொன்னா எப்படீங்க? நாந்தானுங்க இழுத்துக் கட்டுனேன்." சிலர் சிரிப்புப் படம் போட்டார்கள். நான் அதைவிட மோசமாகச் செய்தேன். 'திரையில் வந்ததே கதை. மற்றவை ஆசை' என்று எழுதினேன். கணக்கு ஆசிரியைக்கு ஒழுங்கு முக்கியம் அல்லவா? அவர் எழுதிய பதில் ஒரே வரி. 'டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

அவர் வாதாடியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கடுத்த இரண்டு மாதம் அவர் நேரில் வரவில்லை. என் பாதியை நடத்துநரிடம் கொடுத்தனுப்பினார். மூன்றாம் மாதம் குச்சிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். "உப்புக் கம்மி" என்றார். அத்துடன் சமாதானம்.

நாவல் வரிசை நிற்கிறது, இதுவே கடைசி என்ற அறிவிப்போடு இறுதி நாவல் வந்தது இரட்டைப்படை மாதத்தில். முதல் பாதி அவருக்கு. அறுத்துக் கொடுத்த மறுவாரமே நெஞ்சுவலி என்று அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேட்டி துண்டோடு அந்தப் பாதியையும் எடுத்துப்போனதாக அவர் மகள் மல்லிகா சொன்னாள்.

நான் என் பாதியை இரண்டு முறை படித்தேன். மேகலாவின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. கலம் வீடு வந்து சேர்கிறது. வரவேற்பு, பதக்கம், தளபதியின் நீண்ட உரை. அவளை மறந்தே போய்விட்டார் எழுதியவர். ஒருவேளை முதல் பாதியிலேயே அவள் கதை முடிந்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"மொதப்பாதி முடிச்சுட்டனுங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ வந்து சேர்றாளா, இல்லீங்களா?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. முதல் பாதியிலும் அவள் கதை முடியவில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. ஆம் என்றால் அது பொய். அதனால் ஒழுங்கின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"மாத்தற வரைக்கும் வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னது யாருங்கண்ணா? வந்து வாங்கிப் படிங்க."

சிரித்தார். "சொல்லீட்டாத்தான் என்னவாம்... சரிங்க டீச்சர். சட்டமுன்னா சட்டந்தான். வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வரவில்லை.

எத்தனையோ பிள்ளைகளுக்கு விடை தெரியாதபோது பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். கேட்ட ஒரு மனிதருக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போயிற்று. மறந்துபோன அந்த எழுத்தாளர் மேல் கோபம், மறைக்கச் சொல்லிக் கொடுத்த எங்கள் சட்டத்தின் மேல் கோபம். எல்லாம் சுற்றி வந்து என் மேல்தான் விழுகிறது.

காரியம் முடிந்த மறுநாள் மல்லிகா வந்தாள். என்னிடம் படித்த பெண். பையிலிருந்து முதல் பாதியை எடுத்தாள்.

"அப்பா தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தாருங்க டீச்சர். உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு. மாத்திக்கோணுமாம்."

"உக்காரு கண்ணு" என்றேன். அவள் காபி குடிக்கும் வரை அதைத் திறக்கவில்லை.

அவள் போனபின் படித்தேன். அவருடைய பாதியின் கடைசிப் பக்கத்தில் மேகலா தன் ஓடத்தைத் திருப்புகிறாள். தொலைவில் கலத்தின் விளக்கு தெரிகிறது. அவள் கதவருகே போய் நிற்கிறாள். அதோடு அத்தியாயம் முடிகிறது. ஒரு நப்பாசை எனக்கு. பாதிகள் மறுபடி கலந்திருக்குமோ, என்னிடம் இருப்பது வேறு நாவலோ என்று பக்க எண்ணைப் பார்த்தேன். அவருடையது தொண்ணூற்றாறில் முடிந்தது. என்னுடையது தொண்ணூற்றேழில் தொடங்கியது. இந்த முறை அவர் தவறு செய்யவில்லை.

தொண்ணூற்றாறாம் பக்கத்தின் அடியில், காதோரப் பென்சிலால், கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: 'இதுக்கு மேல டீச்சர்கிட்ட இருக்கு.'

இரண்டு பாதிகளும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. ஒட்டச் சொல்கிறார்கள். ஒட்டமாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த அறுபட்ட புத்தகத்தையும், ஒருத்தியைத் தேடுவதை நிறுத்தாத அந்தப் பிடிவாதத்தையும்தான். என் பாதியின் கடைசியில் விளம்பரத்துக்கு விட்ட வெற்றுப் பக்கம் ஒன்று உண்டு. நேற்று அதில், விடைத்தாள் திருத்தும் சிவப்பு மையில், ஒரு வரி எழுதினேன்: 'கதவு திறந்தது. மேகலா கலத்தில் ஏறினாள்.'

கதையில் இது சேராது என்று வட்டத்தில் சொல்வீர்கள். அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் இதற்கு மேல் டீச்சரிடம் இருக்கிறது என்று அவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இருக்க வேண்டும் அல்லவா?